ஒன்றாம் பொத்தான்

பழைய சொகுசு கார்களுக்கு விலை சொல்வதில் கோயம்புத்தூரில் மனோன்மணியை மிஞ்ச ஆளில்லை. விற்கிறவரும் வாங்குகிறவரும் அவள் சொன்னதற்கு மேல் பேச மாட்டார்கள்.

அவளிடம் தொழில் கற்க வந்தவன் சற்குணம். அவளைவிட மூத்தவன். ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

"என்னை அக்கான்னு கூப்பிட்டா உங்களுக்கு வயசு குறையுதாக்கும்" என்பாள் அவள்.

"குறைஞ்சா நல்லதுதானுங்க்கா."

முதல் நாள் அவன் கேட்டான். "ஒரு வண்டிக்கு எப்ப விலை சொல்லலாமுங்க்கா?"

அப்போது முற்றத்தில் ஒரு கார் வந்து நின்றிருந்தது. உள்ளே ஒரு குடும்பம். மனோன்மணி போய்க் கதவைத் திறந்து எல்லாரையும் இறங்கச் சொன்னாள். தூங்கிக்கொண்டிருந்த குழந்தையையும் தூக்கிக்கொள்ளச் சொன்னாள். வண்டி லேசாக எழும்பி நின்றது.

"ஆள் உட்கார்ந்திருக்கிற வண்டிக்கு விலை சொல்லாதீங்க. இறக்கி விடுங்க. அப்பத்தான் அது எப்படி நிக்குதுன்னு தெரியும்."

"வேற?"

"ரொம்ப நாள் ஓடாம நின்ன வண்டின்னா முதல்ல பேட்டரியைக் கழட்டிடுங்க."

இரண்டையும் அவன் மறக்கவே இல்லை.

ஒவ்வொரு வருஷமும் மழை விட்டதும் மனோன்மணி குன்னூருக்குப் போவாள். அங்கே தேயிலைச் சரிவில் ரெஜினா அம்மாவின் வீடு. வீட்டை ஒட்டிய கராஜில் ஒரு கார். இரண்டே இருக்கை. கூரை துணியால் ஆனது. ஒரு பொத்தானை அழுத்தினால் அது தானாக மடிந்து பின்பக்கம் போய் ஒளிந்துகொள்ளும். வெளிநாட்டு வண்டி. பழையது என்றும் சொல்ல முடியாது, புதியது என்றும் சொல்ல முடியாது.

அது அவருடைய மகன் அலோய் வாங்கியது. ஏற்கெனவே ஒருவர் ஓட்டியதைத்தான் தேடிப் பிடித்து வாங்கினான். ஒரு கோடைக்காலம் முழுக்கக் கூரையை மடக்கிவிட்டு மலையைச் சுற்றினான். பிறகு காய்ச்சல் என்று படுத்தான். சாதாரணக் காய்ச்சல்தான், பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். காலையில் கஞ்சி கேட்டான். கஞ்சி ஆறுவதற்குள் அவன் இல்லை.

ஒவ்வொரு வருஷமும் ரெஜினா அம்மா ஒன்றே சொல்வார்.

"இந்தத் தடவை விலை சொல்லிடு மணி. வித்துடறேன். வெச்சுக்கிட்டு என்ன பண்றது?"

"இன்னும் கொஞ்சம் பார்க்கணும்மா."

"பார்க்கணுமா? சரி, பாரு."

உடனே காபி வரும். அந்தக் காபியைக் கொண்டுவருகையில் அவர் முகம் தெளிந்திருக்கும்.

சற்குணத்தை முதன்முறை அழைத்துப் போனபோது கராஜ் கதவு பாதி திறந்திருந்தது. ரெஜினா அம்மா காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தார். கதவின் உள்பக்கத்தில் ஒன்று, இரண்டு என்று இரு பொத்தான்கள். ஓட்டுகிறவர் தன் உயரத்துக்கு ஏற்றபடி இருக்கையை நகர்த்திப் பதிந்து வைத்துக்கொள்வதற்கானவை. ஒன்று அலோயுடையது. இரண்டை அவன் அம்மாவுக்காகப் பதிந்து வைத்திருந்தான், ஓட்டக் கற்றுத் தருகிறேன் என்று.

அவர் ஒன்றை அழுத்தினார். இருக்கை மெதுவாகப் பின்னால் போனது. முதுகு சாய்ந்தது. கண்ணாடி கொஞ்சம் நிமிர்ந்தது. நீளமான கால்களுள்ள யாரோ ஏறி உட்கார்ந்தது போல் இருந்தது.

"முட்டி இடிக்குதாடா?" என்றார் ரெஜினா அம்மா, தாழ்ந்த குரலில்.

பிறகு இரண்டை அழுத்தினார். இருக்கை முன்னால் வந்தது. மறுபடியும் ஒன்றை அழுத்தினார்.

"மோட்டார் அருமையா இருக்குதுங்க்கா" என்றான் சற்குணம், குரு காதில். "சத்தமே கேக்கல பாருங்க."

குரு அவனைப் பார்த்தாள்.

அன்று அவன் காரை அங்குலம் அங்குலமாகச் சோதித்தான். வண்ணம் அசல். கண்ணாடிகள் அசல். கூரைமேல் தண்ணீரை ஊற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்து பார்த்தான், ஒரு சொட்டு விழவில்லை. குரு மட்டும் பையிலிருந்து சின்ன சார்ஜரை எடுத்து, பேட்டரியைக் கழட்டாமல் அப்படியே மாட்டினாள்.

"கழட்டலைங்களா?"

"இதுக்கு வேண்டாம்."

"நீங்கதானே சொன்னீங்க?"

"நான்தான் சொன்னேன்."

அக்காவுக்குச் சோம்பேறித்தனம் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

மலை இறங்கும்போது மனசு தாங்காமல் கேட்டுவிட்டான். "இந்த மாதிரி வண்டி இனிமே செய்யவே போறதில்லைங்க்கா. வருஷா வருஷம் விலை ஏறிட்டே போகும். அந்தம்மாவும் கேக்கறாங்க. ஏன் சொல்ல மாட்டேங்கறீங்க?"

"ஆளை இறக்காம எப்படிங்க சொல்றது?"

"உள்ள யாருமே இல்லைங்களே. நான் டிக்கி வரைக்கும் பார்த்தேன். ஒரு குடைதான் கெடந்துச்சு."

"குடையை எடுத்துட்டீங்களா?"

"இல்லைங்க."

"நல்லது" என்றாள்.

அடுத்த மழைக்காலத்தில் மனோன்மணியின் அத்தை இறந்துபோனார். அவள் ஊருக்குப் போயிருந்த நேரம், ரெஜினா அம்மா கடைக்குப் போன் செய்தார். சற்குணம் எடுத்தான்.

"மணி இல்லையா? பொத்தானை அமுக்கினா சீட்டு திணறித் திணறி நகருதுப்பா. நேத்து பாதியிலேயே நின்னுடுச்சு. ஒரேயடியா நின்னுடுமோன்னு எனக்குப் பயமா இருக்கு."

"பயப்படாதீங்கம்மா. பேட்டரிதான். நான் வர்றேன்."

புதிய பேட்டரியோடு பஸ் ஏறினான். குன்னூரில் தூறல். ரெஜினா அம்மா குடை பிடித்துக்கொண்டு வாசலுக்கே வந்திருந்தார். அவன் பேட்டரியைக் கழட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தார். விளக்கைக்கூட அவரே பிடித்தார்.

"சரியாயிடுமில்ல?"

"புது வண்டி மாதிரி ஆயிடும்மா."

அப்படித்தான் ஆனது. தொட்டதும் என்ஜின் உயிர் பெற்றது. கூரை ஒரு முனகல்கூட இல்லாமல் மடிந்தது. நின்றுபோயிருந்த கடிகாரத்தை அவன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சரியாக வைத்தான். பிறகு இறங்கி, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான்.

"இப்ப அமுக்கிப் பாருங்கம்மா."

அவர் ஒன்றை அழுத்தினார்.

இருக்கை அசையவில்லை.

விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு மறுபடி அழுத்தினார்.

"அது ஒண்ணுமில்லைம்மா" என்றான் சற்குணம். "பேட்டரியைக் கழட்டினா பதிஞ்சு வெச்சது அழிஞ்சுடும். இந்த மாதிரி வண்டியில அப்படித்தான். எந்த எடத்துல வேணும்னு சொல்லுங்க. திரும்பப் பதிஞ்சுடலாம்."

அவனே ஏறி உட்கார்ந்தான். இருக்கையைப் பின்னால் நகர்த்தினான்.

"இவ்வளவுங்களா?"

"இன்னும் கொஞ்சம்."

"இப்ப?"

"கூடிப்போச்சோ."

முன்னால் கொண்டுவந்தான்.

"இது?"

ரெஜினா அம்மா தலையைச் சாய்த்துப் பார்த்தார். கதவைச் சாத்திப் பார்த்தார். திறந்து பார்த்தார்.

"அவரு எவ்வளவு உயரம்மா?"

"நிலைப்படியில குனிஞ்சுதான் வருவான்."

"கீழ கால் பட்டு மிதியடி தேஞ்சிருக்கு பாருங்க. இதை வெச்சுக் கணக்குப் போட்டா இடம் தெரிஞ்சுடும்மா."

அவர் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இது இவன் தேய்ச்சதா, இவனுக்கு முன்னால வெச்சிருந்தவர் தேய்ச்சதா?"

சற்குணம் மிதியடியிலிருந்து காலை எடுத்துக்கொண்டான்.

இன்னும் சில தடவை இருக்கை முன்னும் பின்னும் போய் வந்தது. சத்தமே இல்லை. தூறல் கராஜ் தகரத்தில் விழுவது மட்டும் கேட்டது.

"போதும்ப்பா" என்றார் ரெஜினா அம்மா.

"இந்த எடந்தானுங்களா?"

"தெரியல. நான் தினமும் பார்த்துட்டுத்தான் இருந்தேன். வண்டிக்குத் தெரியும்னு இருந்துட்டேன்."

அவன் இறங்கினான். அவர் கதவைச் சாத்தினார்.

"மணிகிட்ட விலை சொல்லச் சொல்லு" என்றார்.

அன்றைக்குக் காபி வரவில்லை.

மனோன்மணி ஊரிலிருந்து திரும்பியதும் சற்குணம் ஒன்றுவிடாமல் சொன்னான். அவள் சாவிக் கொத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"அழுதாங்களா?"

"இல்லைங்க. நான் கெளம்பறப்போ, கடிகாரம் சரியா ஓடுதான்னு கேட்டாங்க. ஓடுதுன்னு சொன்னேன்."

அவள் சாவிக் கொத்தை ஒருமுறை புரட்டினாள்.

"நின்ன வண்டின்னா கழட்டச் சொன்னது நீங்கதானுங்களே."

"நான்தான்."

"ஏன் கழட்டலைன்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்லீங்க்கா."

"சொல்லியிருக்கலாம்."

"ஏதாவது பண்ண முடியாதுங்களா? கம்பெனிக்காரங்ககிட்டக் கேட்டா? உள்ள எங்கயாவது ஒரு பதிவு இருக்காதுங்களா?"

"இருக்காதுங்க."

வெளியே யாரோ ஹாரன் அடித்தார்கள். இருவரும் எழவில்லை.

சற்குணம் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். "அந்தம்மா விலை கேட்டாங்க. இன்னும் கொஞ்சம் பார்க்கணும்னு சொல்லிடட்டுங்களா?"

"வேண்டாம். சொல்லிடலாம்."

"இத்தனை வருஷமாச் சொல்லலைங்களே?"

மனோன்மணி சாவிக் கொத்தை ஆணியில் மாட்டினாள்.

"இப்ப சொல்லலாம்" என்றாள். "ஆள் இறங்கியாச்சு."