புல்தரையில் நடந்த நடைத்தேர்வு

தலையைக் குனிந்து நடக்கிறாள் என்ற ஒரே காரணத்துக்காகக் காட்டுப்பூனை மிழலைக்குக் "கோழை" என்று பெயர் வைத்து, அவளையும் அவள் குட்டி பொட்டுவையும் வரிசையின் கடைசிக்குத் தள்ளிவிட்டார்கள்.

கடைசி என்றால் சும்மா இல்லை. மழைக்காலத்தில் அந்தக் காட்டில் ஆற்றின் இக்கரை முழுகிவிடும். எல்லா விலங்குகளும் பதினேழு கற்களில் கால்வைத்து அக்கரைக்குப் போக வேண்டும். முதலில் போகிறவருக்குக் கல் தெரியும். கடைசியில் போகிறவருக்குத் தண்ணீர்தான் தெரியும்!

யார் முதல், யார் கடைசி என்று முடிவு செய்ய ஆண்டுதோறும் நடைத்தேர்வு உண்டு. எங்கே தெரியுமா? புல்தரையில்! "கல்லில் வைத்தால் யாராவது விழுந்து தொலைப்பார்களே" என்பது தேர்வு நடத்தும் காட்டெருமை கருமலையாரின் கவலை.

கலைமான் கம்பீரன் வானத்தைப் பார்த்தபடி நடந்து காட்டினான்.

"ஆகா! தரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை! இவன்தான் முதல்!" என்றார் கருமலையார்.

அடுத்து முயல் வெள்ளையன். அவனுக்கு இரண்டாம் இடம். பிறகு மிழலை வழக்கம்போலத் தரையைப் பார்த்து நடந்தாள்.

"என்ன அக்கா, மீசை விழுந்துவிட்டதா? தேடித் தரட்டுமா?" என்றான் வெள்ளையன். கூட்டம் உருண்டு சிரித்தது.

"கோழை! பூஜ்யம்!" என்றார் கருமலையார்.

"ஐயா, புல்தரையில் கண்ணை மூடிக்கொண்டுகூட நடக்கலாம். கால்கள் தாமே பார்த்துக்கொள்ளும். கல்லின் மேல் போகும்போது..." என்று தொடங்கினாள் மிழலை.

"பெண்பிள்ளைக்கு இவ்வளவு வாய் ஆகாது! போ கடைசிக்கு!"

மறுநாள் காலை ஆறு பொங்கியது. கம்பீரன் நெஞ்சை நிமிர்த்திக் கிளம்பினான். முதல் கல், சரி. இரண்டாம் கல், சரி. மூன்றாவது கொஞ்சம் தள்ளி இருந்தது. அதை வானத்தில் யார் எழுதி வைப்பார்கள்? தொபுக்கடீர்!

"முட்டாள்! நான் என் காலையே பார்த்துக்கொண்டு போகிறேன், பாருங்கள்!" என்று குதித்தான் வெள்ளையன். காலை மட்டுமே பார்த்தான். அடுத்த கல் எங்கே என்று பார்க்கவில்லை. தொப்!

ஆறு இரண்டு பேரையும் இக்கரையிலேயே துப்பியது.

"அடுத்தவர்!" என்றார் கருமலையார். ஒருவரும் அசையவில்லை. தண்ணீரோ ஏறிக்கொண்டே இருந்தது. இனியும் காத்திருந்தால் பொட்டுவுக்குக் கல்லே மிஞ்சாது. மிழலை வரிசையைப் பிளந்துகொண்டு முன்னே வந்தாள்.

"வாடி பொட்டு! வானத்தையும் பார்க்காதே, காலையும் பார்க்காதே. இரண்டு கல் முன்னே பார். கண் பார்த்ததை மூளை காலுக்குச் சொல்லிவிடும். ஆனால் அதற்குக் கொஞ்சம் நேரம் வேண்டும். கால் தூக்கிய பிறகு பார்த்தால் யாருக்குச் சொல்வது?"

"அம்மா! பின்னங்கால் எனக்குத் தெரியவே இல்லையே!"

"தெரிய வேண்டாம். முன்னங்கால் மிதித்த இடம் மூளைக்கு நினைவிருக்கும். பின்னங்கால் அங்கேயே வந்து விழும். நட!"

மிழலை முன்னே போக, பொட்டு பின்னாலேயே நடந்தாள். பதினேழு கல்லும் தாண்டினாள். அதைப் பார்த்ததும் எல்லாருக்கும் தெம்பு வந்தது. "இரண்டு கல் முன்னே... இரண்டு கல் முன்னே..." என்று முணுமுணுத்தபடி கருமலையாரே தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். சொட்டச் சொட்டக் கடைசியாக வந்தவன் கம்பீரன்.

கருமலையார் மூச்சு வாங்கினார். "இவ்வளவு தெரிந்தவள் தேர்விலேயே காட்டியிருக்கலாமே, அம்மா!"

மிழலை குட்டியின் ஈரத்தை நக்கித் துடைத்துவிட்டுத் தலை நிமிர்ந்தாள்.

"காட்டியிருப்பேன் ஐயா, நீங்கள் ஒரு கல்லாவது வைத்திருந்தால்! புல்தரையில் நிமிர்ந்து நடப்பது வீரமும் இல்லை, பார்த்துக் கால்வைப்பது கோழைத்தனமும் இல்லை. எந்த வழியில் போக வேண்டுமோ அந்த வழியில் நடக்கவிட்டுப் பார்க்காமல் யாரையும் எடை போடாதீர்கள்!"