பஸ் தூங்கும் ஊர்

"மூணாவது தடவையும் வேண்டாம்னுட்டாங்க அம்மிணி. என் திட்டத்துல என்னதான் குறை?"

கேட்டவர் பொங்கியண்ணன், மாவட்டத் திட்ட அதிகாரி, வயது ஐம்பத்தாறு. கேட்கப்பட்டவள் துளசிமணி, மலைத்தடத்து பஸ் கண்டக்டர், வயது முப்பத்தொன்று.

சிரிக்காதீர்கள். மலைமேல் இருக்கும் குருந்தக்கோம்பைக்காரர்கள் கலெக்டர் பேச்சுக்கே தலையாட்ட மாட்டார்கள். துளசிமணி சொன்னால் ஆட்டுவார்கள். அதனால்தான் மனுஷன் கௌரவத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டில் சீடனாக வந்து நின்றார்.

நாளை சாயங்காலத்துக்குள் அந்த ஊர் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் அவர் மூன்று வருஷம் நாயாய் அலைந்து வாங்கிய கரண்ட் பஸ்கள் வேறு மாவட்டத்துக்குப் போய்விடும்.

"திட்டத்தைச் சொல்லுங்க சார்" என்றாள் துளசிமணி.

"டீசல் பஸ்ஸுக்குப் பதிலா கரண்ட் பஸ். ராத்திரி எல்லா பஸ்ஸும் டவுனுக்கு வந்து சார்ஜ் ஏத்திக்கும். காத்தடிச்சா மேல நாள்கணக்கா கரண்ட் இருக்காதில்ல, அதுக்கு ஊருக்குள்ள ஒரு பேட்டரிக் கட்டடம்."

"இப்ப ராத்திரி பஸ் எங்கீங் தூங்குது?"

"உனக்குத் தெரியாததா? குருந்தக்கோம்பையிலதான். காலையில அஞ்சரைக்குப் பால் கேனையும் காலேஜ் பிள்ளைங்களையும் ஏத்திக்கிட்டு இறங்கும். அது போயிரும்னுதான் வேண்டாங்கறாங்க. நான் என்ன பண்ணட்டும்? மேல சார்ஜ் ஏத்த நம்பிக்கையா கரண்ட் இல்ல. கட்டடம் கட்டலாம்னா சமதளமா நாலு சென்ட் இடமில்ல."

துளசிமணி ஒரு டிக்கெட்டைக் கிழித்து அவர் கையில் கொடுத்தாள்.

"ஏறுங்க சார்."

அன்றைக்கு அந்தத் தடத்தில் கரண்ட் பஸ் வெள்ளோட்டம். டவுனில் நூறு என்று காட்டிய சார்ஜ், மலையேறி முடித்தபோது ஐம்பத்தெட்டு.

மேலே காற்றில் கம்பி அறுந்து நாலு நாளாகியிருந்தது. பஸ்ஸைப் பார்த்ததும் சுகாதார நிலைய நர்ஸ் ஓடி வந்தாள்.

"துளசி, ஊசி மருந்து வச்ச பெட்டியில ஐஸ் கரையுது."

வண்டியின் பின்பக்கம் மெக்கானிக்குகள் கருவி மாட்ட ஒரு பிளக் இருந்தது. துளசிமணி அதிலிருந்து நீள வயரை இழுத்து, சுகாதார நிலைய பிரிட்ஜுக்குக் கொடுத்தாள். பிரிட்ஜ் உறுமியது. உடனே ஊரே செல்போனும் கையுமாக வந்துவிட்டது.

பொங்கியண்ணன் ஓடிப்போய் சார்ஜ் எவ்வளவு என்று பார்த்துவிட்டு வந்தார்.

"அம்மிணி, இருக்கறதையும் ஊருக்குக் கொடுத்துட்டா நாம கீழ எப்படிப் போறது?"

"டீ குடிங்க சார்."

மூன்று மணி நேரம். மனுஷன் நாலு டீ குடித்தார். சார்ஜ் ஐம்பத்து மூன்றுக்கு வந்திருந்தது.

அதற்குள் மின்வாரிய ஆட்கள் கம்பியைக் கட்ட, ஊருக்குக் கரண்ட் வந்துவிட்டது. பஸ் கிளம்பியது. டிரைவர் சாதிக் பக்கத்தில் உட்கார்ந்து சார்ஜ் காட்டும் எண்ணையே முறைத்துக்கொண்டு வந்தார் பொங்கியண்ணன். இரண்டு வளைவு தாண்டியது. ஐம்பத்து நாலு. இன்னும் இரண்டு வளைவு. ஐம்பத்தைந்து.

"சாதிக், இது கெட்டுப்போச்சா? ஏறுது."

"இல்லீங் சார். இறக்கத்துல பிரேக் புடிச்சா அந்த வேகமெல்லாம் பேட்டரிக்குத்தான் போகும். அடிவாரம் போறதுக்குள்ள அறுபதத் தொட்டாலும் தொடும்."

பொங்கியண்ணன் எண்ணைப் பார்த்தார். திரும்பி மலையைப் பார்த்தார். பிறகு சத்தம் போட்டுச் சிரித்தார். பின்சீட்டுக் கிழவர் திடுக்கிட்டு எழுந்துகொண்டார்.

"நிறுத்துப்பா. நான் இறங்கணும்."

"இங்க ஊரே இல்லீங்களே."

"மேல இருக்குது."

மூன்று கிலோமீட்டர், செங்குத்து ஏற்றம். மூச்சு வாங்க, சட்டை நனைய, ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஏறினார். அவ்வளவு சந்தோஷம் அந்த மனுஷனுக்கு.

ஊராட்சித் தலைவி மாதம்மாள் வாசலில் அவரைக் கண்டதும் சலித்துக்கொண்டாள்.

"கட்டடத்துக்கு இடமில்லைன்னு எத்தனை தடவை சொல்றது சார்?"

"கட்டடமே வேண்டாம்மா. பேட்டரி நாலு சக்கரத்துல தினமும் சாயங்காலம் தானா மலையேறி வரும். டவுன்ல மத்தியானம் சார்ஜ் ஏத்தி அனுப்பறேன். ராத்திரி இங்கயே தூங்கட்டும். கம்பி அறுந்தா ஊர் எடுத்துக்கலாம். கொஞ்சம் மிச்சம் வச்சாப் போதும், இறக்கத்துல அதுவே சார்ஜ் ஏத்திக்கும். காலையில அதே அஞ்சரைக்குப் பாலை ஏத்திக்கிட்டு இறங்கிரும்."

மாதம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். பேனா இருக்கிறதா என்று கேட்டாள்.

மறுநாள் விடிந்ததும் பொங்கியண்ணன் பழைய டீசல் பஸ்ஸில் பால் கேன்களுக்கு நடுவில் உட்கார்ந்து டவுனில் வந்து இறங்கினார். துளசிமணியின் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. ஓடிப்போய்க் கையெழுத்தைக் காட்டினார்.

"ஏன் அம்மிணி, இதை நேத்தே நீ வாயால சொல்லியிருக்கக் கூடாதா?"

"முன்னால மூணு தடவை மேல போனீங்களே சார், எதுல போனீங்க?"

பொங்கியண்ணன் தலையைச் சொறிந்தார்.

"ஜீப்புல."

துளசிமணி விசிலை ஊதினாள்.