வெளிப்பக்கத் தோல்

அன்று அறுவை அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். எலும்பு டாக்டர் செங்கோடன், வயது ஐம்பத்திரண்டு. அவருக்குக் குதிகால் வேலை சொல்லிக்கொடுக்கக் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த டாக்டர் மெகருன்னிசா, அவரைவிட எட்டு வயது இளையவர். மயக்க மருந்து டாக்டர் குணசீலன். கருவி எடுத்துக்கொடுக்கும் சிஸ்டர் எமல்டா. மேசையில் தவசி, சாரத்திலிருந்து விழுந்து வலது குதிகால் நொறுங்கிய பெயிண்டர். இடுப்புக்குக் கீழே மரத்திருந்ததே தவிர, நல்ல விழிப்பில் இருந்தார்.

தொடை எலும்பு, இடுப்பு எலும்பு என்று செங்கோடன் நிறையப் பார்த்தவர். குதிகாலை மட்டும் திறந்ததில்லை. கை கழுவும்போது கேட்டார்.

"மேடம், எத்தனை குதிகால் பண்ணின பிறகு உங்களுக்குப் பயம் போச்சு?"

"எண்ணித்தான் சொல்லணும் சார். நகத்தை இன்னும் நல்லா தேயுங்க."

தவசியை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்தார்கள். கட்டைப் பிரித்து, மருந்து தடவி முடித்தபோதுதான் செங்கோடன் பாதத்தின் வெளிப்பக்கத்தை முழுதாகப் பார்த்தார்.

வார்டில் தவசி மல்லாந்து படுத்திருப்பார். கால் தானாக வெளியே சாய்ந்துகிடக்கும். கண்ணில் படுவது உள்பக்கம்தான். அங்கே தோலில் சுருக்கம் விழுந்திருந்தது. வீக்கம் வற்றிவிட்டது என்று செங்கோடன் நாள் குறித்துவிட்டார். கத்தி போக வேண்டிய வெளிப்பக்கமோ கத்தரிக்காய் மாதிரி இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தோலை வெட்டினால் ஒட்டாது. கறுக்கும். எலும்பு வெளியே தெரியும். பிறகு காலே போனாலும் போகும்.

மெகருன்னிசாவைப் பார்த்தார். அவரும் அந்தத் தோலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க சார், ஆரம்பிச்சாச்சுங்களா?" துணித்திரைக்கு அந்தப் பக்கமிருந்து தவசி கேட்டார்.

"கண்ணை மூடிக்கோ தவசி," என்றார் குணசீலன். "மூணு மாடி ஏறினவன், இதுக்குப் போய் நடுங்கறயே."

"ஏறினப்ப பயமே இல்லைங்க சார். அதான் விழுந்தேன்."

குணசீலன் மட்டும் சிரித்தார்.

எமல்டா கத்தியைக் கொடுத்தார். செங்கோடன் அதை வலக்கையில் பிடித்துக்கொண்டு, இடக்கையால் பாதத்தை மேல்நோக்கி மடக்கினார். ஒரு சுருக்கம்கூட விழவில்லை. மறுபடி மடக்கினார்.

"மேடம்..."

"உங்க கேஸ், சார்."

ஊசி போட்டாயிற்று. கருவித் தட்டைப் பிரித்தாயிற்று. வெளியூர் டாக்டரை வரவழைத்தாயிற்று. வெளியே தவசியின் மனைவி காத்திருக்கிறாள். இத்தனைக்கும் பிறகு என்னவென்று சொல்வது? கத்தியைத் தோலுக்கு அருகே கொண்டுபோனார். முனை ஆடியது.

கையை எடுத்துவிட்டார்.

"தவசி, இன்னைக்கு வேண்டாம்ப்பா. வீக்கம் இன்னும் வத்தலை. நான்தான் சரியா பாக்கலை."

துணித்திரைக்கு அந்தப் பக்கம் தவசி தலையைத் தூக்கினார்.

"அப்ப... கால் இருக்குதுங்களா சார்?"

"இருக்கு. அப்படியேதான் இருக்கு."

கத்தியைத் தட்டில் வைக்கத் திரும்பியவர், தன் மணிக்கட்டுக்கு ஒரு விரற்கடை மேலே மெகருன்னிசாவின் கை நிற்பதைக் கண்டார். அது எப்போது அங்கே வந்ததென்று அவருக்குத் தெரியவில்லை. அதுவும் நடுங்கிக்கொண்டிருந்தது.

மெகருன்னிசா கையை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"மேடம், கை கழுவறப்ப நான் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லலை."

"எண்ணித்தான் சொல்லணும்னேனே." எமல்டாவிடம் திரும்பினார். "சிஸ்டர், டாக்டரோட முதல் குதிகால் முடிஞ்சுது. எண்ணுங்க."

எந்த அறுவை முடிந்தாலும் உள்ளே ஏதும் தங்கிவிடக்கூடாதென்று எண்ணுகிற பஞ்சுத்துணிகளை எமல்டா ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினார். வைத்தது இருபது.

மீதி இருபது.