சும்மா இருட்டு

ஒரு ஊர்ல ஒரு கரடி, போர்வையும் கையுமா ஒரு புத்தகத்துலேருந்து இறங்கிக்கிட்டு இருந்துச்சு. வலது காலை வெச்சுது, தொப். இடது காலை வெச்சுது, தொப். கீழ நின்ன எழிலரசு மாமா, "மெதுவா, மெதுவா, தாள் கிழிஞ்சிடப் போவுது"ன்னாரு.

அது படம் போட்ட புத்தகம். ரொம்பப் பழசு. அந்த ஊர்ல அதைக் கேட்டுத் தூங்காத ஆளே கிடையாது. கடைசிப் பக்கத்துல கரடி விளக்கை ஊதி அணைச்சிட்டு, போர்வையைப் போத்திக்கிட்டுத் தூங்கும். அதோட வேலை அவ்வளவுதான். புத்தகம் பூவிழிங்கிற பொண்ணோடது. கரடி தூங்கறதைப் பாத்தாத்தான் அவளும் தூங்குவா. எழிலரசு அவளுக்குத் தாய்மாமன், சினிமா டைரக்டர். இந்தக் கதையைப் படமா எடுக்கறேன், கரடியை ஒரு பகலுக்கு மட்டும் குடுன்னு கேட்டாரு. தாய்மாமன் கேட்டா இல்லைன்னு சொல்ல முடியுமா?

பூவிழி கரடிகிட்ட, "இருட்டினதும் வந்துடணும்"னா.

"இருட்டினதும் வந்துடறேன்"னுச்சு கரடி.

ம் சொல்லு. ஆங்.

அப்புறம் ரெண்டு பேரும் ஸ்டூடியோவுக்குப் போனாங்க. கேமராவுக்குக் கற்பூரம் காட்டித் தேங்காய் உடைச்சாங்க. ஒடைச்ச தேங்காயைக் கரடி தின்னுடுச்சு. யாரும் ஒண்ணும் சொல்லலை. கதாநாயகன் இல்லையா?

அப்புறம் மாமா சொன்னாரு, "மொதல்ல நீ ஆடணும்."

"புத்தகத்துல நான் ஆடலையே."

"புத்தகம் வேற, படம் வேற."

சரின்னு நின்னுச்சு. அப்போ நாலு பேர் வந்து, சரக் சரக்னு ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டுனாங்க. கும்முனு இருட்டு. கரடி போர்வையை எடுத்துக் கக்கத்துல இடுக்கிக்கிச்சு. "இருட்டிடுச்சு. நான் வரேன் மாமா."

"ஏய், எங்க கெளம்பிட்ட? இப்பத்தான் காலை டிபனே வந்திருக்கு. இது ராத்திரி சீன். சும்மா இருட்டு." மாமா துணியை வெலக்கிக் காட்டுனாரு. சுள்ளுனு வெயில்.

"ஓ"ன்னுச்சு கரடி. அப்புறம் திங்கு திங்குன்னு ஆடுச்சு. அட்டையில செஞ்ச மரம் ஒண்ணு மடார்னு விழுந்துச்சு. மாமா ஓகேன்னுட்டாரு.

அப்புறம் ரெண்டாவதா சண்டை. புலிகூட. புலித்தோலுக்குள்ள ரெண்டு ஆளுங்க இருந்தாங்க. முன்கால்காரர், "சாப்டாச்சா தம்பி?"ன்னாரு. பின்கால்காரர் வணக்கம் வெச்சாரு. அப்போ சோஓஓன்னு மழை. கரடி ஓடிப்போய்ப் போர்வை மேல படுத்துக்கிச்சு, நனையக் கூடாதுன்னு.

"ஏம்ப்பா படுத்துட்ட? சும்மா மழை. மேல பாரு."

பாத்துச்சு. ஓட்டை போட்ட பைப்பு. "ஓ"ன்னுச்சு. எழுந்து வந்து புலியை ஒரு தள்ளு. முன்பக்கம் விழுந்துச்சு. பின்பக்கம் கொஞ்ச நேரம் கழிச்சு விழுந்துச்சு.

தூங்கிட்டியா? இல்லையா? சரி.

மூணாவதா அழணும். "பூவிழியை நெனச்சு அழு"ன்னாரு மாமா.

"சாயந்தரம் பாக்கப்போற பொண்ணை நெனச்சு எதுக்கு அழணும்?"

மாமா அதோட கண்ணுல சொட்டு மருந்து மாதிரி ஏதோ விட்டாரு. பொலபொலன்னு தண்ணி. கரடி மூக்கைத் தொட்டுப் பாத்துச்சு.

"மாமா, மூக்கு ஒழுகலையே?"

"படத்துல மூக்கு ஒழுகாது."

"பூவிழிக்கு ஒழுகுமே."

"அவ நெஜமா அழறா. இது சும்மா அழுகை."

"ஓ"ன்னுச்சு கரடி. இப்போ அதுக்கு சினிமா நல்லாப் புரிஞ்சுபோச்சு.

அப்புறம் கடைசி சீனுக்குப் பெரிய பெரிய லைட்டா தூக்கிட்டு வந்தாங்க. கரடி காத்தாட வெளிய வந்துச்சு. வெளிய இருட்டு. நட்சத்திரம்கூட இல்லை. சோஓஓன்னு மழை. கரடி அண்ணாந்து பாத்துச்சு. பைப்பைக் காணோம். "இந்தத் தடவை நல்லாப் பண்ணியிருக்காங்க"ன்னு சொல்லிட்டு, நிதானமா நனைஞ்சுக்கிட்டு நின்னுச்சு. அப்புறம் உள்ள போச்சு. உள்ள லைட்டெல்லாம் போட்டு, உச்சி வெயில் மாதிரி இருந்துச்சு. இருட்டறதுக்கு இன்னும் நேரம் கெடக்குன்னு நாற்காலில உக்காந்துக்கிச்சு.

அப்போ ட்ரிங் ட்ரிங்னு போன். பூவிழியோட அம்மா.

"அண்ணே, கரடி எங்க? கடைசிப் பக்கம் காலியாக் கெடக்கு. இவ பாயில உக்காந்துக்கிட்டுப் படுக்கவே மாட்டேங்கறா."

"ஒரே ஒரு ஷாட்டும்மா. அவ சும்மா அழுவா. நீ தட்டிக் குடு."

சும்மாதானேன்னு கரடியும் உக்காந்திருந்துச்சு. போன்ல, ஊ... ஊ... அப்புறம், சர்ர்ர்ர்.

கரடி எழுந்துச்சு. "மாமா, அது என்ன சத்தம்?"

"எது?"

"சர்ர்ருன்னு."

"மூக்கை உறிஞ்சுறா."

கரடி கதவைப் பாத்துச்சு. வெளிய இருட்டைப் பாத்துச்சு. "அப்போ அதுவும் நெஜம்தானா"ன்னு போர்வையை எடுத்துச்சு.

மாமா ஓடிவந்து குறுக்க நின்னாரு. "தம்பி, தம்பி, ஒரே ஒரு ஷாட். நீ தூங்கணும், அவ்வளவுதான். புத்தகத்துல இருக்கறதுல நான் எடுக்கறது அது ஒண்ணுதான். அதுவும் இல்லேன்னா இது என்ன படம்?"

"அதைச் செய்யத்தான் போறேன்"னுச்சு கரடி. "அங்க."

தொப் தொப் தொப் தொப். தெருவெல்லாம் தண்ணி. சளக் சளக். ஒரு நாய் கொலைச்சுது. பாத்துட்டு நிறுத்திக்கிச்சு. மாமா கேமராவைத் தூக்கிக்கிட்டுப் பின்னாலயே ஓடுனாரு.

பூவிழி பாயில உக்காந்திருந்தா. "இருட்டினதும் வரேன்னியே."

"இருட்டிடுச்சுன்னு இப்பத்தான் தெரியும்."

"அது எப்படித் தெரியாம போவும்?"

"சினிமா"ன்னுச்சு கரடி.

பூவிழி நகர்ந்து வழி விட்டா. கரடி புத்தகத்தோட கடைசிப் பக்கத்துக்குள்ள ஏறுச்சு. விளக்கை ஊதுச்சு. உஃப். ஈரப் போர்வையைப் போத்திக்கிச்சு. கொர்ர்ர். பூவிழியும் படுத்தா. மாமா கேமராவைத் தோள்ல வெச்சாரு. வெளிச்சம் பத்தலை. கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருந்தாரு. அவரும் சின்ன வயசுல அந்தப் புத்தகத்தைக் கேட்டுத் தூங்குனவர்தானே. கேமராவைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, செவுத்தோரமா அப்படியே சாஞ்சுட்டாரு. அம்மா லைட்டை அணைச்சாங்க.

எல்லாரும் படுத்தாச்சு, கதையும் படுத்தாச்சு, நீ மட்டும் என்ன? கண்ணை மூடு.

அப்போ கடைசிப் பக்கத்துலேருந்து ஒரு கை மட்டும் வெளிய வந்துச்சு. போர்வையில நனையாத முனையாத் தேடி எடுத்து, பூவிழியோட மூக்கைத் தொடைச்சுட்டு, உள்ள போயிடுச்சு.