விழுந்த ஸ்ட்ரைக்கர்

அன்று எப்சிபா செருப்பைக் கழற்றாமலே கேரம் கிளப்புக்குள் வந்தாள்.

"மாஸ்டர், நாளைக்கு மேட்சுக்கு நான் வரல."

மெகருன்னிசா போர்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காலையில் மீன் மார்க்கெட்டில் ஐஸ் உடைப்பவள், சாயங்காலம் இங்கே ஆட்டம் சொல்லித்தருபவள். நாளைய ஆட்டத்தில் ஜெயித்தால் எப்சிபாவுக்கு மாவட்ட அணியில் இடம்.

"காய்ச்சலா?"

"இல்ல."

"வீட்டுல விடலையா?"

"இல்ல மாஸ்டர். நீங்க அந்த வீடியோவைப் பாக்கலையா?"

போன வாரம் ஒரு ஆட்டத்தில் எப்சிபா சிவப்புக் காயைப் போட்டாள். தொடர்ந்து தன் காய் ஒன்றையும் போட்டிருந்தால் வெற்றி. காய் போகவில்லை, அடித்த ஸ்ட்ரைக்கரே குழியில் விழுந்தது. சிவப்பு போனதை வெட்டி எறிந்துவிட்டு, விழுந்ததை மட்டும் யாரோ வகுப்பு குரூப்பில் போட்டார்கள். அங்கிருந்து ஊரெல்லாம் போனது. அவள் முழித்த முழி இப்போது ஸ்டிக்கர். யார் எதில் தோற்றாலும் அவள் முகத்தைத்தான் அனுப்புகிறார்கள்.

போன் அதிர்ந்தாலே கவிழ்த்து வைத்தாள். நேற்று வகுப்பில் கையிலிருந்து பென்சில் நழுவியது. பின் பெஞ்சில் ஒருத்தி, "ஏய், இதையும் பாக்கெட் பண்ணிட்டாடி!" என்றாள்.

"அவங்க வாயை எப்படி மூடறது மாஸ்டர்?"

"போனைக் கொடு."

மெகருன்னிசா கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கமெண்டுகளை மேலிருந்து வரிசையாகப் படித்தாள். 'போய்ப் பாத்திரம் கழுவு' என்பதையும் தாண்டவில்லை. ஓர் இடத்தில் சிரித்துவிட்டாள்.

"நீங்களும் சிரிக்கிறீங்களா?"

"இவன் ஒருத்தன் கொஞ்சம் நல்லா எழுதியிருக்கான்."

பக்கத்தில் வைத்திருந்த டீ ஆறிப்போனது. கடைசிவரை படித்துவிட்டு வீடியோவை ஓடவிட்டாள்.

"பாரு. அடிக்கிறப்போ நாற்காலியை விட்டு எழுந்துட்ட."

எப்சிபா குனிந்து பார்த்தாள். எழுந்துதான் இருந்தாள். அதனால்தான் அடி அவ்வளவு பலமாக விழுந்திருக்கிறது.

"இருநூறு பேருக்கு மேல எழுதியிருக்காங்க. ஒருத்தராவது இதைச் சொல்லியிருப்பாங்களான்னு தேடினேன். இல்ல."

"அப்போ எதைப் பாத்து சிரிச்சாங்க?"

மாஸ்டர் காய்களை அன்றைக்கு நின்ற மாதிரியே போர்டில் வைத்தாள்.

எப்சிபா செருப்பை உதறிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அடித்தாள். காய் போனது. மறுபடி வைத்து அடித்தாள். ஸ்ட்ரைக்கர் விழுந்தது.

பக்கத்து போர்டில் ஆடிக்கொண்டிருந்த சுகந்தன் சட்டென்று போனைத் தூக்கினான்.

"கிட்ட வந்து எடு சுகந்தா. முதல்ல போட்டதையும் சேத்து எடுத்திருக்கலாம்ல?" என்றாள் எப்சிபா.

அவன் அசடு வழியப் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான். அவள் குழியிலிருந்து ஸ்ட்ரைக்கரை எடுத்தாள்.

"நாளைக்கும் எடுப்பாங்க மாஸ்டர். நாளைக்கும் விழுந்துட்டா?"

"விழுந்தா உன் காய் ஒண்ணை எடுத்து நடுவுல வைப்பாங்க. வைக்கட்டும், அது சட்டம். அதுக்கு மேல அபராதம் கேட்டு எவன் கை நீட்டினாலும் தட்டி விடு."