பேர் எழுதின ரொட்டி

பனையை எண்ணினா ஆயிரம், வீட்டை எண்ணினா நாற்பது, நல்ல தண்ணிக் கிணத்தை எண்ணினா ஒண்ணுகூட இல்லைன்னு ஒரு ஊர் இருந்துச்சாம். அந்த ஊர்ல ஆவுடைன்னு ஒருத்தி இருந்தாளாம். அவ அப்பா பனையேறி, தாத்தா பனையேறி, அண்ணன் சுடலையும் பனையேறி. அந்த வீட்டுல எழுத்துப் படிச்ச முதல் ஆளு ஆவுடைதான். அதனால ஒரு வரி எழுதினாலும் பிழை இருக்குமோ இருக்குமோன்னு மூணு தடவை பார்ப்பா.

அவளுக்கு ஒரு பழக்கம். பதநீர்ல கேழ்வரகு மாவைப் பிசைஞ்சு, தேங்காயும் கருப்பட்டியும் போட்டு, மண்சட்டியில வச்சு, கீழயும் தணல், மூடி மேலயும் தணல் போட்டு ரொட்டி சுடுவா. சுட்ட ரொட்டியைப் பனை ஓலையில சுத்தி, யாருக்குன்னு மேலே பேரை எழுதி, உள்ளே ஒரு ஓலை நறுக்குல அவங்களுக்குன்னு ஒரு வார்த்தையும் எழுதி வைப்பா. கருவேல முள்ளால கீறி, விளக்குக் கரியைத் தேய்ச்சா எழுத்து பளிச்சுன்னு தெரியும்.

பிள்ளை பெத்தவளுக்கு, 'சுக்கு கூடப் போட்டிருக்கேன், மாமியார் கேட்டாலும் பங்கு கொடுக்காதீங்க'ன்னு எழுதுவா. ஆடு செத்துப்போன கிழவனுக்கு, 'உங்க ஆடு எங்க வேலியைத் தின்னதை எப்பவோ மன்னிச்சாச்சு'ன்னு எழுதுவா. சண்டை போட்ட பக்கத்து வீட்டுக்காரிக்கு, 'தப்பு என் மேலதான். பாதி உங்க மேல'ன்னு எழுதுவா. ஊர்ல வேற யாருக்கும் எழுத்துத் தெரியாதா, ரொட்டியை வாங்கினவங்க நறுக்கைக் கொண்டாந்து அவகிட்டயே நீட்டுவாங்க. அவளே வாசிச்சுக் காட்டுவா. சிரிக்காதீங்க, எழுதினவ வாயால கேட்டா இன்னும் ருசி.

அப்படி இருக்கையில, ஏற்கெனவே கரிச்சுக்கிட்டிருந்த கிணறெல்லாம் முழு உப்பாப் போச்சு. மாடு குடிச்சா மாடு முகத்தைத் திருப்புது, குழந்தை குடிச்சா குழந்தை துப்புது. ராஜா தோட்டத்து ஓரத்துல ஒரு நல்ல ஊத்து இருந்துச்சு. அங்கேயிருந்து ஒரு வாய்க்கால் வெட்டிக்க உத்தரவு கேட்டு ஆவுடைதான் விண்ணப்பம் எழுதினா.

அந்த அரண்மனையில ஒரு வழக்கம் உண்டு. விண்ணப்ப ஓலையை ராஜா கையால தொடக் கூடாது. ராஜாவுக்கு எழுத்து நல்லாத் தெரியும், ஆனா தொடக் கூடாது. ஓலை வாசிக்கன்னே ஒருத்தர், அவருக்கு ஓலைநாயகம்னு பேரு. அவர் அப்பாவும் ஓலைநாயகம், அதனால இவரும் ஓலைநாயகம். கழுத்துல முத்து மாலை, காதுல கடுக்கன், தலைப்பாகையில எழுத்தாணி, எல்லாம் இருந்துச்சு. எழுத்து மட்டும்தான் தெரியாது. இது அவர் ஒருத்தருக்குத்தான் தெரியும்.

முதல் ஓலையை ஊர்த்தலைவர் கொண்டுபோனாரு. ஓலைநாயகம் அதை ஏற இறங்கப் பார்த்துட்டு, "மகாராஜா நல்லா இருக்கணும், நாங்களும் நல்லா இருக்கோம்னு எழுதியிருக்காங்க" அப்படின்னாரு. ராஜாவுக்குச் சந்தோஷம். ஊருக்கு ஒரு மல்லிகை மாலை கொடுத்து அனுப்பினாரு. தண்ணி கேட்டாங்க, மாலை வந்துச்சு.

ரெண்டாவது ஓலையைப் பூசாரி கொண்டுபோனாரு. "மாலை ரொம்ப மணமா இருந்துச்சு, இன்னொண்ணு வேணுமாம்" அப்படின்னாரு ஓலைநாயகம். இன்னொரு மாலை வந்துச்சு.

மூணாவது ஓலையைச் சுடலை கொண்டுபோனான். ஓலைநாயகம் இழுத்து இழுத்து, "ஊர்ல ஓயாம மழை பெய்யுதாம், குடை வேணுமாம்" அப்படின்னாரு.

சுடலை கையைக் கட்டிக்கிட்டு, "இல்லைங்க மகாராஜா. என் தங்கச்சி எனக்கு வாசிச்சுக் காட்டித்தான் அனுப்பினா. தண்ணி இல்லைன்னுதான் எழுதியிருக்கு" அப்படின்னான்.

"உனக்கு எழுத்துத் தெரியுமாடா?" அப்படின்னாரு ஓலைநாயகம்.

"தெரியாதுங்க."

"கேட்டீங்களா மகாராஜா, எழுத்துத் தெரியாதவன் எனக்கு வாசிக்கச் சொல்லித் தரான். இன்னைக்கு என் வாயைப் பொய்னு சொல்லுவான், நாளைக்கு உங்க முத்திரையைப் பொய்னு சொல்லுவான்."

ராஜாவுக்குக் கோபம் வந்துருச்சு. "இவனைச் சிறையில போடு. என் பிறந்த நாள் கழிஞ்ச மறுநாள் கப்பல் ஏத்தி நாட்டை விட்டு அனுப்பு" அப்படின்னுட்டாரு.

சேதி ஊருக்கு வந்துச்சு. ஆவுடை அழல. மூணு ஓலையையும் மனசுக்குள்ள திரும்பத் திரும்ப வாசிச்சுப் பார்த்தா. எங்கேயாவது நான்தான் பிழையா எழுதிட்டேனோ, அதனாலதான் அண்ணன் சிறையில கிடக்கானோ? 'தண்ணி'ங்கிற சொல்லை எவ்வளவு பிழையா எழுதினாலும் அது 'மாலை' ஆகாதே. 'குடை' ஆகாதே. அப்பதான் அவளுக்கு விளங்குச்சு. உடனே எந்திரிச்சு அடுப்பை மூட்டினா.

மூணு ரொட்டி சுட்டா. மூணும் ஒரே அளவு, மூணும் ஒரே நிறம். ராஜாவுக்கு ஒண்ணு, அண்ணனுக்கு ஒண்ணு, ஓலைநாயகத்துக்கே ஒண்ணு. என்ன முழிக்கிறீங்க? ஆமா, அவருக்கும்தான். மூணுக்கும் பேர் எழுதி, மூணுக்கும் வார்த்தை எழுதி, பிழை பார்த்து, தூக்கிக்கிட்டு நடந்தா.

ராஜா பிறந்த நாளுக்கு நாடே பலகாரம் கொண்டுவந்து நிக்குது. வாசல்லயே ஓலைநாயகம். கஞ்சன் அவரு. எல்லார்கிட்டயும் வாங்கி உள்ளே அனுப்புறாரு, தன் பங்குக்குக் கொடுக்க அவர் கையில ஒரு முறுக்குகூட இல்லை.

"என்ன தாயி, சட்டியில?"

"ரொட்டிங்க ஐயா. மூணு பேருக்கு மூணு. யாருக்குன்னு மேலேயே எழுதியிருக்கேன். உங்களுக்கும் ஒண்ணு இருக்கு. உள்ளே நறுக்கும் இருக்கு, நீங்க மட்டும் வாசிங்க."

"எழுதியிருக்கிறதை எனக்கு நீ சொல்லணுமா? அந்த ஓரமாப் போய் நில்லு."

அவ சட்டியைக் கொடுத்துட்டு ஓரமாப் போய் நின்னா. நின்னு, அவர் இருமுறாரா, இருமுறாரான்னு காதைத் தீட்டிக்கிட்டுக் கேட்டா. ஏன் இருமணும்னு கேக்காதீங்க, வருது.

அவர் இருமல. ரொட்டி வாசனை மூக்குல ஏறிருச்சு. ஒண்ணை அங்கேயே தூணுக்குப் பின்னால நின்னு தின்னுட்டு, அதோட நறுக்கை இடுப்புல செருகிக்கிட்டாரு. மிச்சம் ரெண்டையும் வெள்ளித் தட்டுல வச்சு, நேரா ராஜா ராணி முன்னால போய் நின்னாரு.

"மகாராஜா, மகாராணி, என் வீட்டுக்காரி விடிய விடிய முழிச்சுச் சுட்டது. உங்க பேரை அவ கையாலேயே எழுதி, வாழ்த்தும் வச்சிருக்கா."

ராணி ஆசையா ஒண்ணை எடுத்து, நறுக்கை உருவி வாசிச்சாங்க. வாசிச்சுட்டு ராஜாவைப் பார்த்தாங்க. "இதைக் கேளுங்க. 'அண்ணே, விலங்கு உரசின இடத்துல விளக்கெண்ணெய் தடவு. ஓரம் மொறுமொறுன்னு உனக்குப் பிடிச்ச மாதிரி சுட்டிருக்கேன். நீ பொய் சொல்லலைன்னு எனக்குத் தெரியும்.' ஓலைநாயகம், உங்க வீட்டுக்காரிக்கு நான் எப்போ அண்ணன் ஆனேன்?"

சபையில யாரோ களுக்குன்னு சிரிச்சாங்க. ஓலைநாயகம் தலைப்பாகையைச் சரி பண்ணிக்கிட்டாரு.

"அவளுக்கு... பாசம் அதிகம், மகாராணி."

ராஜா மத்ததைக் கையில எடுத்தாரு. விண்ணப்பத்தைத்தான் தொடக் கூடாது. தின்கிற பண்டத்தைத் தொடக் கூடாதுன்னு வழக்கம் இல்லையே. மேலே எழுதியிருந்த பேரைப் பார்த்தாரு. உள்ளே இருந்த நறுக்கைப் பார்த்தாரு. முகத்துல ஒண்ணும் காட்டிக்கல. "எனக்கு என்ன எழுதியிருக்காங்க, வாசிங்க" அப்படின்னு நறுக்கை நீட்டினாரு.

ஓலைநாயகம் தொண்டையைச் செருமிக்கிட்டு, "மகாராஜா நூறாண்டு வாழ்க" அப்படின்னாரு.

"நல்லா இருக்கு. இன்னொரு தடவை வாசிங்க."

"மகாராஜா செங்கோல் செழிக்க."

"இன்னும் ஒரு தடவை."

"மகாராஜா... பகைவரெல்லாம் பணிய."

"ஒரே நறுக்கு, மூணு வாசகம்" அப்படின்னாரு ராஜா. "இப்ப நான் வாசிக்கிறேன். மேலே, 'ஓலைநாயகம் ஐயாவுக்கு'. உள்ளே, 'ஐயா, எழுத்துத் தெரியாதது குத்தமில்லை, எங்க அப்பாவுக்கும் தெரியாது. தெரியும்னு சொல்லி எங்க அண்ணனைக் கப்பல் ஏத்துறதுதான் குத்தம். இதை வாசிச்சிட்டீங்கன்னா மூணு தடவை இருமுங்க. உங்களைத் தப்பா நினைச்சதுக்கு உங்க கால்ல விழுறேன். வாசிக்கத் தெரியலைன்னா என்கிட்ட வாங்க, யாருக்கும் தெரியாம நானே சொல்லித் தரேன்.'"

ராஜா வாசலைப் பார்த்துட்டு, ஒரு தடவை இருமினாரு. ரெண்டாவது தடவை இருமினாரு. மூணாவது தடவை இருமினாரு.

அம்புட்டுக் கூட்டத்துக்குப் பின்னால இருந்து ஆவுடை கையைத் தூக்கினா.

"நீதானா?"

"நான்தான் மகாராஜா. இன்னும் ஒரு நறுக்கு இருக்கு. அதுல உங்க பேரு இருக்கும்."

ஓலைநாயகம் இடுப்பை இறுக்கிப் பிடிச்சாரு. காவல்காரன் அவர் கையை விலக்கி, கசங்கின நறுக்கை எடுத்துக் கொடுத்தான். அதுல, 'மகாராஜா, இந்த ரொட்டியை விழுங்கினதும் உங்களுக்குத் தண்ணி தேடும். எங்க ஊர்ல நாற்பது வீட்டுக்கும் அப்படித்தான் தேடுது. உங்க தோட்டத்து ஊத்துல இருந்து ஒரு வாய்க்கால் கேக்குறோம். நாலாவது தடவையாக் கேக்குறோம்'னு எழுதியிருந்துச்சு.

ராஜா எந்திரிச்சு நின்னுட்டாரு. "மூணு தடவை கேட்டிருக்காங்க. நான் பூ கொடுத்து அனுப்பியிருக்கேன்" அப்படின்னாரு.

அன்னைக்கே சுடலையோட விலங்கை உடைச்சாங்க. அன்னைக்கே மண்வெட்டியோட நூறு பேர் கிளம்பினாங்க. பத்தாம் நாள் வாய்க்கால்ல தண்ணி வந்துச்சு. முதல்ல மாடு குடிச்சுச்சு, அப்புறம் குழந்தை குடிச்சுச்சு, அப்புறம் ஊரே குடிச்சுச்சு. அதுல இருந்து, வர்ற ஓலையை ராஜாவே தொட்டு வாசிக்கணும்னு வழக்கமும் மாறிருச்சு.

ஓலைநாயகம்? முத்து மாலை போச்சு, கடுக்கன் போச்சு, எழுத்தாணி போச்சு. ராஜா அவரை ஆவுடை ஊருக்கே அனுப்பினாரு. காலையில வாய்க்காலைத் தூர் வாரணும், சாயங்காலம் குழந்தைகளோட மணல்ல உக்காந்து எழுத்துப் படிக்கணும். ஆவுடை தினம் அவருக்கும் ஒரு ரொட்டி சுட்டு, நறுக்கு வைப்பா. வாசிச்சாத்தான் ரொட்டி. வாசிக்கலைன்னா அது சுடலைக்கு. அவரு திக்குறதுக்குள்ள சுடலை கையை நீட்டிருவான். ஒரு மாசம் சுடலைதான் தின்னான்.

முப்பத்தோராம் நாள், எல்லாப் பிள்ளைங்களும் சுத்தி நிக்க, மனுஷன் ஒவ்வொரு எழுத்தா விரல் வச்சு வாசிச்சாரு. "இ...து உ...ங்க பே...ர் எ...ழு...தி...ன ரொ...ட்டி."

மேலே இருந்த பேரையும் வாசிச்சாரு. அவர் பேருதான். அதுக்கப்புறம்தான் ரொட்டியைப் பிட்டு வாயில போட்டாரு.

வாய்க்கால்ல தண்ணி ஓடுது, ஆவுடை அடுப்புல தணல் கிடக்குது. அடுத்தவங்க பேர் எழுதின ரொட்டியைத் தின்னவனுக்கு விக்கல் வந்துச்சு, கதை கேட்ட பிள்ளைக்குத் தூக்கம் வரட்டும்.