கழுத்துத் துண்டு

"ஆறு மாசமா தைக்கிறனுங்க அம்மிணி. படத்துல உயிரே வரமாட்டேங்குது."

சொன்னவர் சச்சிதானந்தம். வயது அறுபத்தொன்று. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

கேட்டுக்கொண்டிருந்தவள் வேலாத்தாள். வயது முப்பத்தெட்டு. திருப்பூரில் ஒரு வேஸ்ட் குடோனில் பனியன் கம்பெனிகளில் வெட்டி மிஞ்சிய துண்டுகளைத் தரம் பிரிக்கிறவள்.

வேலை முடிந்த பிறகு அவள் அந்தத் துண்டுகளை ஒன்றோடொன்று தைத்துப் படம் செய்வாள். அதில் ஆள் இருக்காது, மரம் இருக்காது, மாடு கன்று எதுவும் இருக்காது. சாம்பல் நிறத்துக்குள் ஒரு சிவப்பு நுழையும், அவ்வளவுதான். ஆனால் என்ன சொல்ல, பார்த்தால் நெஞ்சு நிறைந்துவிடும். சச்சிதானந்தம் அதை முதன்முதலில் பார்த்த அன்றே குடோனுக்கு வந்து, "என்னைச் சிஷ்யனாச் சேத்துக்கங்க" என்று நின்றார். எட்டாவதில் பெயிலானவளிடம் வாத்தியார் பாடம் கேட்க வந்தாரே என்று குடோனே சிரித்தது.

வெள்ளிக்கிழமை ஊர் மண்டபத்தில் கண்காட்சி. வேலாத்தாளின் படத்துக்குப் பக்கத்தில் ஒரே ஓர் இடம் காலி.

"இதுவும் தேறலைன்னா ஊசியத் தொடறதில்லைன்னு முடிவு பண்ணிட்டனுங்க" என்றார்.

வேலாத்தாள் அவர் படத்தைக் குடோன் தரையில் விரித்தாள். சதுரம் சதுரமாக, முக்கோணம் முக்கோணமாக, அச்சடித்த மாதிரி இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவினாள்.

"எல்லாத்தையும் வெட்டி வெச்சுத் தெச்சீங்களா சார்?"

"ஆமாங்க. முதல்ல கிராஃப் தாள்ல வரைஞ்சு, அளவு எடுத்து வெட்டுனனுங்க." குரலில் கொஞ்சம் பெருமை கூட இருந்தது.

"வெட்டுன மிச்சம்?"

"குப்பையில போடலாம்னு மூட்டை கட்டி வெச்சிருக்கனுங்க."

வேலாத்தாள் சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

"குப்பையிலயும் குப்பை பிரிச்சீங்களா? நானே அத்தன சுத்தம் பாக்க மாட்டனுங்க. போய் எடுத்துட்டு வாங்க."

அவருக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் போனார். வீட்டிலிருந்து மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

அவள் அதற்குள் கையை விட்டு ஒரு துண்டை எடுத்தாள். விரலகலம் இருக்கும். பிறை மாதிரி வளைந்திருந்தது.

"இது எதுல வெட்டுனதுங்க?"

"தெரியலீங்களே."

சச்சிதானந்தம் வட்டக் கழுத்து பனியன் போட்டிருந்தார். வேலாத்தாள் அந்தத் துண்டை அவர் தொண்டைக்குக் கீழே, பனியனின் கழுத்தோரத்தில் வைத்தாள். வளைவோடு வளைவாக உட்கார்ந்துகொண்டது.

"கழுத்துக்கு எடம் உட்டு வெட்டுன துண்டுங்க. இந்நேரம் எங்கியோ ஒருத்தரு அந்த எடத்துல தலைய உட்டு மாட்டிக்கிட்டிருப்பாரு."

சொல்லிவிட்டு அவள் தன் குவியலுக்குப் போய் வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

சச்சிதானந்தம் கையைத் தொண்டையில் வைத்துக்கொண்டே நின்றார். எச்சில் விழுங்கினார். விரலுக்கடியில் துண்டு ஏறி இறங்கியது.

அன்று மாலையே ஆறு மாதத் தையலைப் பிரித்துப் போட்டார். கிராஃப் தாள் எங்கே போயிற்றென்று அவருக்கே தெரியாது.

வெள்ளிக்கிழமை மண்டபத்தில் அவர் படம் தொங்கியது. சதுரம் ஒன்றுகூட இல்லை. பிறைகளும் நெளிந்த ஓரங்களும் ஒன்றையொன்று தேடிக்கொண்டு போயின. நடுவில், ஒரு தலை நுழையும் அளவுக்குத் தைக்காமல் விட்ட ஓர் இடைவெளி. அதன் வழியே சுவர் தெரிந்தது.

வேலாத்தாள் குடோனிலிருந்து நேராக வந்தாள். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. படத்தின் முன்னால் நின்றாள். போகிறவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"உயிர் வந்துச்சுங்களா அம்மிணி?"

அவள் இரண்டு கைகளையும் சேலையில் நன்றாகத் துடைத்துக்கொண்டாள்.

"தொட்டுப் பாக்கலாங்களா?" என்று கேட்டாள்.